அந்தக் கார் நாளை ஓடக்கூடாது

முருகேசு, உன் அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. காலையில் கஞ்சி குடித்தாள், துணி துவைத்துக் காயப்போட்டாள், இப்போது வீட்டில் என்னைத் திட்டிக்கொண்டிருப்பாள். அவளுக்கு உடம்பு முடியவில்லை, உன்னை உடனே அனுப்பி வையுங்கள் என்று இன்று காலை உங்கள் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா கிராணிக்குப் போன் போட்டுச் சொன்னது நான்தான். அது பொய். அதை ஏன் சொன்னேன் என்று பின்னால் எழுதுகிறேன். முதலில் இது: சின்ன துரையின் காரில் நீ மாட்டியிருக்கும் பின் ஆக்ஸிலில் சக்கரம் ஏறி உட்காரும் இரண்டு ஹப்பும் பக்கம் மாறிப் போயிருக்கின்றன. வேகமாக ஓடினால் பின் சக்கரத்து நட் தானாகக் கழன்றுவிடும். நாளைக் காலை நீயும் துரையும் அந்தக் காரில் ஏறக்கூடாது. அரிசி லாரி ஓட்டும் சின்னையா இந்தக் கடிதத்தைக் கொடுத்ததும் நேரே துரையின் பங்களாவுக்குப் போய், கார் ஓடக்கூடாது என்று சொல். தனியாக ஷெட்டுக்குப் போகாதே. சொல்லிவிட்டு வந்து மீதியைப் படி.

சிரம்பான் ரயிலடிக்குப் பின்னால் இருக்கும் அரிசிக் கிடங்கின் வாசலில் ஒரு பலகைமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போகும் அரிசி லாரிகள் இன்று போலீஸ் காவலோடு சேர்ந்து கிளம்புகின்றன. பொழுது சாய்வதற்குள் கோலாப்பிலா தாண்டிவிடுவார்கள். சின்னையாவின் லாரி உங்கள் தோட்டத்தில்தான் இராத் தங்குகிறது. என்னையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். மூட்டைக்குத்தான் இடம், ஆளுக்கு இல்லை என்று சார்ஜண்ட் சொல்லிவிட்டார். சின்னையாவிடம் கிளம்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். "மூட்டை ஏத்தி, கயிறு கட்டி, போலீஸ் எண்ணி, மறுபடி சந்தேகம் வந்து மறுபடி எண்ணி முடிக்கிறதுக்குள்ள நீங்க ஒரு பேப்பரையே எழுதி முடிச்சிரலாம்லா அண்ணே" என்றான். அதனால்தான் இது நீளமாகப் போகிறது. கை சும்மா இருந்தால் எனக்கு நல்லதாக எதுவும் தோன்றவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நான் உன்னைப் பார்க்க வந்ததை நினைத்துப் பார். பாக்கியத்துக்கு என்று வாங்கி வந்த பால் டின்னை கேட்டில் இருந்த காவல்காரர் ஆணியால் இரண்டு இடத்தில் குத்திவிட்டார். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடக் கூடாது என்பது சட்டம். பை முழுவதும் பால் வழிந்தது. பாக்கியம் அதை வழித்து எடுத்துக்கொண்டே, "மாமா, இவரு என்னைப் பார்க்கிற நேரத்தைவிட அந்த இரும்பைப் பார்க்கிற நேரந்தான் அதிகம்" என்றாள். "இரும்பு பதில் பேசாதுல்ல" என்றாய் நீ. அவள் முழுகாமல் இருக்கிறாள் என்பதை அதற்கப்புறம்தான், அதுவும் என் முகத்தைப் பார்க்காமல், சொன்னாய். "சரி, காரைக் காட்டு" என்றேன். இன்று யோசித்தால் அப்படிக் கேட்டது நல்லதாகப் போயிற்று.

நீ காட்டியதை நான் புரிந்துகொண்ட வரையில் எழுதுகிறேன், தப்பு இருந்தால் நீயே திருத்திக்கொள். சின்ன துரையின் கார் இரண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். ஜப்பான் சண்டை முடிந்த கையோடு வந்த பழைய மாடல். முன்னால் ஒரே இரும்புத் தண்டாக ஆக்ஸில், நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங், கம்பிச் சக்கரங்கள். அதன் பின் ஆக்ஸிலுக்குள் இருக்கும் ஷாஃப்ட் ஒடிந்துவிட்டது. சீமையிலிருந்து சாமான் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்துத் தோட்டத்தில் அதே காரின் அடுத்த மாடல் ஒன்று, முன்பக்கம் எரிந்து, பின்பக்கம் முழுதாகக் கிடந்தது. அது யாருடைய கார் என்று நீ சொல்லவில்லை. எனக்குத் தெரியும். அந்தத் துரையின் சாவுச் செய்தியை எங்கள் பத்திரிகைக்கு எழுதியது நான்தான்.

புது மாடலில் முன் சக்கரங்கள் தனித்தனியே சுருள் ஸ்பிரிங்கில் ஆடுமாம். அதையும் கழற்றிப் பழைய காரில் போட்டுவிடலாமா என்று துரை கேட்டதற்கு, "சேசிஸை வெட்டணும், வேணாம் தொரை" என்று நீ மறுத்ததாகச் சொன்னாய். அந்த இடத்தில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பின் ஆக்ஸிலை மட்டும் எடுத்திருக்கிறாய். அதிலும் ஸ்பிரிங் உட்காரும் இடம் பழையதோடு ஒத்துவரவில்லை. இருந்ததை வெட்டி எடுத்துவிட்டு, வேறு இடத்தில் வெல்டிங் வைத்தாய். அப்புறம் புது ஆக்ஸிலின் சக்கரம் நட் போட்டு முடுக்கும் தகட்டுச் சக்கரம். துரைக்குக் கம்பிச் சக்கரம்தான் வேண்டும். அதனால் பழைய ஆக்ஸிலின் ஹப் இரண்டையும் கழற்றி, சீனன் பட்டறையில் அளவு சரிக்கட்டப் புஷ் வளையம் கடைந்து, புது ஆக்ஸிலில் ஏற்றினாய். எல்லாம் பொருந்திவிட்டது. பொருந்திவிட்டதே என்றுதான் இப்போது பயப்படுகிறேன். பொருந்தாத சாமான் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

வெல்டிங் வைப்பதற்காக ஆக்ஸிலை இரண்டு மரக்கட்டைகள்மேல் புரட்டிப் போட்டிருந்ததாகச் சொன்னாய் அல்லவா? அங்கேதான் நடந்திருக்க வேண்டும். குப்புறப் படுத்திருப்பவன் தலையை அதே பக்கம் வைத்து மல்லாந்து படுத்தால் அவன் இடது கை எந்தப் பக்கம் போகிறது என்று பார். அந்த நிலையிலேயே, எப்படியும் மேலே கிடக்கிறதே என்று, ஹப்புகளையும் ஏற்றியிருக்கிறாய். இடது பக்கத்து ஹப் வலது பக்கம் போய்விட்டது. லாரியாக இருந்தால் இதனால் ஒன்றும் ஆகாது; இந்தக் காரிலோ இடது ஹப்பின் மரையும் வலது ஹப்பின் மரையும் எதிரெதிராக வெட்டியிருக்கிறார்கள். உங்கள் ஷெட்டில் இருப்பவர்கள் எல்லாரும் லாரியிலும் டிராக்டரிலும் கை பழகியவர்கள்.

அன்று நீ சக்கரம் மாட்டியதை நான் நின்று பார்த்தேன். நடுவில் ஒரே நட், அதற்கு இரண்டு காது. அந்தக் காதை ஈயச் சுத்தியால் அடித்து இறுக்கினாய். முன் சக்கரங்களுக்கு மேல் காதைக் காரின் பின்பக்கம் பார்த்து அடித்தாய். பின் சக்கரங்களுக்கு முன்பக்கம் பார்த்து அடித்தாய். எனக்கு வண்டி தெரியாது. ஆனால் ஒரே வேலையை ஒருவன் இரண்டு விதமாகச் செய்தால் ஏன் என்று கேட்பதுதான் என் பிழைப்பு. "ஏம்ப்பா இது மட்டும் மாத்தி அடிக்கிறே?" என்று கேட்டேன். "பின்னாடி மரை மாறிப் போச்சுப்பா. எந்தப் பக்கம் அடிச்சா என்ன, இறுகினது இறுகினதுதான்" என்றாய். பிறகு சிரித்துக்கொண்டே, "இதை நியூஸ்ல போட்டுறாதீங்க" என்றாய். நானும் சிரித்துவிட்டு பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

நேற்று சாயங்காலம் கிளப் பக்கமாக நடந்து வந்தபோது அதே பழைய மாடல் கார் ஒன்று மரத்தடியில் நின்றது. டிரைவர் அந்தோணி சக்கரம் மாற்றிக்கொண்டிருந்தான். உனக்கு அவனைத் தெரியாது. ஒரு டாக்டரிடம் வேலை பார்க்கிறான். நான் குனிந்து பார்ப்பதைக் கண்டு, "என்னண்ணே, டயர் மாத்தறதெல்லாம்கூட இப்ப நியூஸாலா? ஊர்ல அவ்வளவு பஞ்சமா?" என்றான். அவன் முன்னாலும் பின்னாலும் எல்லா நட்டையும் மேல் காதைப் பின்பக்கம் பார்த்துத்தான் அடித்து இறுக்கினான். நட்டின்மேலேயே ஓர் அம்புக்குறி, கழற்றுவதற்கு இந்தப் பக்கம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. சக்கரம் முன்னால் உருளும் திசையும் அம்பு காட்டும் திசையும் ஒன்றாக இருந்தன. உன் துரையின் காரில் அந்த எழுத்து அடிபட்டு மழுங்கிப்போயிருந்தது எனக்கு நினைவு வந்தது. "இதை வலம் இடமா மாத்தி மாட்டினா என்ன ஆகும் அந்தோணி?" என்று கேட்டேன். அவன் சுத்தியைக் கீழே வைத்தான். "ஓட ஓட இறுகுற மாதிரி செஞ்சு வச்சிருக்கான் வெள்ளைக்காரன். மாத்திப் போட்டா ஓட ஓட கழலும். மெதுவாப் போனா தெரியாது. மலை வளைவுல பிரேக் புடிச்சுப் புடிச்சு எறங்குனா, சக்கரம் உங்களுக்கு முன்னாடி வீட்டுக்குப் போயிரும்" என்றான். அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாரு வண்டிண்ணே?" என்றான். நான் வீட்டுப் பக்கம் நடந்துவிட்டேன்.

நீ இதுவரை அந்தக் காரைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் மெதுவாக ஓட்டிப் பார்த்திருக்கிறாய். சிரம்பானுக்கு வரும் வழியிலுள்ள புக்கிட் புத்துஸ் மலையில் இன்னும் ஓடவில்லை. அந்த வளைவுகளில் வண்டி நின்றால் என்ன ஆகும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வண்டி நின்று, சுடப்பட்டு, உயிர் பிழைத்தவனுக்கு அப்புறம் என்ன ஆகும் என்பதை நீ பார்த்திருக்க மாட்டாய். நான் பார்த்திருக்கிறேன். ஒரு தோட்டத்து டிரைவர், உன்னைவிடக் கொஞ்சம் மூத்தவன். பெட்ரோல் குழாயில் அழுக்கு அடைத்து வண்டி நின்றுவிட்டது. துரை செத்துப்போனார். அவன் வாய்க்காலுக்குள் விழுந்து தப்பித்தான். அவனிடம் போலீஸ் கேட்டதெல்லாம் இரண்டே கேள்விதான். வண்டி ஏன் அந்த இடத்தில் நின்றது? நீ ஏன் சாகவில்லை? அவன் பதில் சொல்லச் சொல்ல அது பொய் மாதிரியே கேட்டது, முருகேசு. நான் அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன். அவன் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரிந்தது. இருந்தும் எனக்கேகூட அது பொய் மாதிரிதான் கேட்டது. அவனைத் தடுப்பு முகாமின் முள்வேலிக்குள் வைத்தார்கள். பிறகு அவனையும் மனைவி மக்களையும் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். அவன் மனைவி பிறந்ததே இங்கேதான். நாகப்பட்டினத்தில் யாரையும் தெரியாது என்று கிள்ளான் துறைமுகத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். எங்கள் பத்திரிகையில் அது மூன்று வரிச் செய்தியாக வந்தது. அதற்கு மேல் எழுத அப்போது யாருக்கும் தைரியமில்லை, எனக்கும்தான்.

குழாயில் அடைத்த அழுக்குக்கே அந்தக் கதி. ஆக்ஸிலை மாற்றியது நீ, ஹப்பை ஏற்றியது நீ, நட்டை அடித்தது நீ. கழன்று விழுந்த நட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் அதிகாரி உன்னிடம், மரை மாறியிருப்பது உனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டால், தெரியும் என்றுதானே நீ சொல்ல வேண்டும்? நேற்று இரவு முழுக்க அந்தக் கேள்வியைத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் நீ தெரியும் என்றே சொன்னாய். உனக்குப் பொய் வராது.

இன்று காலை முதல் பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டேன். பாரோய் தாண்டுமுன் ராணுவம் பாதையை அடைத்திருந்தது. மேலே ஏதோ நடக்கிறது, நாளை விடியும்வரை காவலோடு போகும் லாரிகளைத் தவிர வேறு வண்டி போகாது என்றார்கள். திரும்பி வந்து எங்கள் பேப்பர் ஏஜண்ட் கடையிலிருந்து உங்கள் ஆபீஸுக்குப் போன் போட்டேன். கிராணி எடுத்தார். "என்ன சங்கதி?" என்றார். உங்கள் துரையின் கார்ச் சக்கரம் கழலப் போகிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? ஒரு பத்திரிகைக்காரன், அந்தக் காரைப் பூட்டிய ஃபிட்டரின் அப்பன், துரைக்கு ஆபத்து என்று போனில் சொல்கிறான். அது கிராணியிடமிருந்து துரைக்கும், துரையிடமிருந்து போலீஸுக்கும் போய்ச் சேரும்போது என்னவாகியிருக்கும்? வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, "அவன் அம்மாவுக்கு உடம்பு முடியல, பாதை திறந்ததும் பஸ் ஏத்தி அனுப்புங்க" என்றேன். நீ இங்கே வந்துவிட்டால் நேரில் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கார் அடுத்த வாரம்தானே போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போகிறது, அதற்குள் எல்லாவற்றையும் சரி செய்துவிடலாம் என்று நினைத்தேன்.

மத்தியானம் கிராணியே கடைக்குப் போன் போட்டார். "தொரைக்கு நல்ல மனசுலா. அம்மாவுக்கு முடியலேன்னதும் பஸ்ஸெல்லாம் வேணாம், நாளைக்குக் காலையில பாதை திறந்ததும் நானே கார்ல கொண்டு போய் விடறேன்னுட்டாரு. ஒரே ஓட்டமா வந்துருவாங்க, கவலைப்படாதீங்க" என்றார். துரையிடமே பேச வேண்டும் என்று கேட்டேன். அவரும் வந்தார். என் ஆங்கிலம் உனக்குத் தெரியும். கோர்ட்டுக்குப் போதும், துரையிடம் பேசப் போதாது. அவளுக்கு இப்போது தேவலை, கார் வேண்டாம் என்றேன். அவர் சிரித்தார். தேவலை என்றாலும் பையன் அம்மாவைப் பார்க்கட்டும், எனக்கும் காரை ஒரு விரட்டு விரட்டிப் பார்க்க வேண்டும் என்றார். நல்ல மனிதர். அந்த நொடியில் சொல்லியிருக்க வேண்டும். "தேங்க் யூ" என்று சொல்லிப் போனை வைத்தேன். உன்னைக் காப்பாற்ற நான் சொன்ன பொய்தான், அடுத்த வாரம் போக வேண்டிய காரை நாளைக் காலையில் வேகமாக மலை இறங்க வைத்திருக்கிறது. இது என் தப்பு. இதில் உன் பங்கு எதுவும் இல்லை.

வீட்டுக்குப் போய் உன் அம்மாவிடம் சொன்னேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும், "உங்களுக்கு வேற யாரும் கிடைக்கலியா, நல்லா இருக்கிறவளைப் போயி படுக்க வச்சிருக்கீங்க" என்றாள். அப்புறம், "ஜப்பான்காரன் காலத்துல ரெண்டு ஓட்டை சைக்கிளைப் பிரிச்சு ஒண்ணாக்கி உங்களுக்குக் குடுத்தானே, டயருக்குப் பதிலா ரப்பர்க் குழாயைச் சுத்தி. அன்னைக்கே மெச்சாம இருந்திருக்கணும்" என்றாள். அந்தச் சைக்கிளில் நான் எத்தனை ஊர் போனேன் என்பது அவளுக்கும் தெரியும். வருத்தத்தில் சொன்னாள். நான் இன்றைக்கும் மெச்சுவேன். இரண்டு பழையதிலிருந்து ஓடக்கூடிய ஒன்றை எடுக்கும் கை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. எந்தச் சாமான் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சாக்கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொள், அவ்வளவுதான் உனக்கு நான் தொழிலில் சொல்ல முடிந்தது.

இப்போது எனக்கு மிச்சமிருக்கும் பயம் உன்னைப் பற்றியது. இதைப் படித்ததும் உனக்கு உடனே விளங்கிவிடும். சுத்தியை எடுத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் இன்றே ஹப்பை மாற்றிவிடலாம் என்றுதான் உன் கை துடிக்கும். செய்யாதே. இருட்டியபின் ஷெட்டில், துரையின் காருக்கு அடியில், சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருக்கும் ஒருவனைக் காவல்காரன் பார்த்தால் அவன் கண்ணுக்கு என்ன தெரியும்? யாரும் பார்க்காமல் நீ முடித்துவிட்டாலும், புஷ் கடைந்து ஏற்றிய ஹப்பை அவசரத்தில் இழுத்து மறுபடி ஏற்றினால் அது எப்படி உட்காரும் என்று உனக்கே தெரியாது. அதனால் முதலில் சொல். "நான் ஹப்பை மாத்தி மாட்டிட்டேன், எங்கப்பா பார்த்துச் சொன்னாரு, காரை எடுக்காதீங்க" என்று, இத்தனையே போதும். துரை திட்டலாம். ஷெட்டிலிருந்து எடுத்துப் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்க அனுப்பலாம். போய் வெட்டு. கார் ஓடுவதற்கு முன் சொல்பவனை வேலை தெரியாதவன் என்பார்கள். விழுந்தபின் சொல்பவனை என்ன சொல்வார்கள் என்று மேலே எழுதியிருக்கிறேன். அம்மாவைப் பற்றிய பொய்யை என் தலையில் போடு. துரை கேட்டால் இந்தக் கடிதத்தையே கொடு, கிராணி படித்துச் சொல்லட்டும். பாக்கியத்திடம் மட்டும் பதமாகச் சொல். அவளையும் நாளைக்குக் காரின் பின்பக்கத்தில் உட்கார்த்தி வைக்கலாம் என்று யாராவது சொல்லப்போகிறார்கள் என்றுகூட எனக்கு ஒரு நினைப்பு வந்தது. இரண்டு சீட் கார்தான், தெரியும். இருந்தாலும் வந்தது.

சின்னையா கயிற்றை இறுக்கிவிட்டான். சார்ஜண்ட் இரண்டாவது தடவையாக எண்ணுகிறார். கடிதத்தை அவனிடம் கொடுத்து, உன் கையில் மட்டும்தான் என்று சொல்லப்போகிறேன். நாளைக் காலை பாதை திறக்கும்போது நான் மலை அடிவாரத்தில் நின்றுகொண்டிருப்பேன். வீட்டில் இருக்க முடியாது. பிள்ளை வருகிறானா என்று எத்தனையோ தடவை பாதையைப் பார்த்து நின்றிருக்கிறேன். நாளை நீ வந்துவிடக் கூடாது என்று பார்த்து நிற்கப்போகிறேன். பஸ் போகட்டும், லாரி போகட்டும், ராணுவ வண்டி போகட்டும், நான் நிற்கிறேன். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று கேட்டும் நீ வரவில்லை என்று மத்தியானம் வரைக்கும் நின்று உறுதியாகத் தெரிந்துகொண்டால், வீட்டுக்குப் போய் அவளிடம் அதைச் சொல்வேன். அவள் அதற்குத்தான் காத்திருக்கிறாள்.

அப்பா